கொழுந்தும் குடியுரிமையும்

தேயிலை ஒரு பூச்செடி. முற்றங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் கமேலியாவின் நெருங்கிய உறவு அது. வெள்ளை இதழ்களும் நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்களின் கொத்துமாகப் பூக்கும். எந்தப் பருவத்திலும் இலையை முழுதாக உதிர்ப்பதில்லை. வெட்டாமல் விட்டால் சீனத்து வகை ஆள் உயரத்தை விஞ்சும். அசாம் வகை பெரிய மரமாகவே நிற்கும். ஆனால் நுவரெலியாவிலிருந்து நானுஓயா, லிந்துலை, தலவாக்கலை வழியாக அட்டன் வரை போகிற பாதையின் இருபுறமும் பச்சைக் கம்பளம் என்று சுற்றுலாக்காரர் படம் எடுக்கும் மலைகளில், இந்த மரம் இடுப்பு உயரத்தைத் தாண்டுவதில்லை, பூப்பதும் அரிது. அந்த மட்டத்தில் அதை நிறுத்தி வைத்திருப்பது மனிதக் கை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, வாரம் தவறாமல், அதே மலைக்குத் திரும்பி வந்த கை. மலையகத் தமிழர் இலங்கையில் நிலையாகக் குடியிருந்தவர்களா, வந்து போனவர்களா என்பது 1948க்குப் பிறகு அந்நாட்டின் பெரும் சட்டச் சிக்கலாக இருந்தது. அதற்கான விடையைப் பதிவேடுகளிலும் கடவுச்சீட்டுகளிலும் பிறப்புச் சான்றிதழ்களிலும் தேடினார்கள். தேயிலைச் செடி வளர்க்கப்படும் முறையிலேயே அந்த விடை இருந்தது என்பது என் வாதம்.

இதை விளக்கக் கோப்பியிலிருந்து தொடங்க வேண்டும். ஏனெனில் கோப்பியும் பசுமை மாறாத பூச்செடிதான். அதுவும் வெள்ளையாகவே பூக்கும். 1820களில் கம்பளைப் பக்கம் பெருந்தோட்டமாகத் தொடங்கிய கோப்பி, 1870களின் இறுதியில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது. இரு செடிகளுக்கும் உள்ள வேறுபாடு, மனிதன் அவற்றிலிருந்து எதை எடுக்கிறான் என்பதில் இருக்கிறது. கோப்பியில் வேண்டியது பழம். பழம் வேண்டுமானால் பூ வேண்டும். பூவுக்கு ஒரு பருவம் உண்டு. ஆண்டின் முற்பகுதியில் பூத்து, பிற்பகுதியில் பழுத்து, சில மாதங்களுக்குள் பறித்து முடித்தாக வேண்டும். அந்தச் சில மாதங்களுக்குத்தான் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. மற்ற மாதங்களில் களை எடுக்கவும் கிளை கழிக்கவும் கொஞ்சப் பேர் போதும். அதனால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கடல் கடந்து மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, பறிப்பு முடிந்ததும் அதே வழியாகத் திரும்பினார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்கள் ஏராளம். அந்தப் பாதைக்கு ஒழுங்கான கணக்கு வைக்க யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. வந்து போகிற கூட்டம் என்ற படிமம் அந்தக் காலத்தில் உருவானது. கோப்பியைப் பொறுத்தவரை அதில் உண்மையும் இருந்தது.

1869இல் கோப்பி இலைகளில் ஆரஞ்சு நிறத் துரு தெரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஒரு பூஞ்சணம் அந்தத் தொழிலையே தின்று தீர்த்தது. இடைவெளியில் ஹக்கலையில் 1861 முதல் வளர்த்துப் பார்த்த சிங்கோனா மரத்தைத் தோட்டத் துரைமார் பற்றிக்கொண்டார்கள். அதன் பட்டை உலகச் சந்தையில் மலிந்ததும் அதையும் கைவிட்டார்கள். பிறகு எஞ்சியது தேயிலை. பேராதனைப் பூங்காவுக்கு 1824இலேயே சீனத்திலிருந்தும் 1839இல் அசாமிலிருந்தும் தேயிலை வந்துவிட்டது. என்றாலும் அதை வணிகப் பயிராக்கிய பெருமையை வரலாறு ஜேம்ஸ் டெய்லருக்குத் தருகிறது. ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் அவர் 1867இல் 19 ஏக்கரில் நட்டார். 1873இல் 23 இறாத்தல் லண்டனுக்குப் போனது. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, நூற்றாண்டு முடியும்போது மூன்றரை லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. 1880களின் நடுப்பகுதியில் ரயில் அட்டனையும் நானுஓயாவையும் எட்டியது. குளிர் மிகுந்த உயரமான மலைகள் தேயிலைக்கு வாகாக இருந்ததால் டிம்புலையும் பொகவந்தலாவையும் மஸ்கெலியாவும் நுவரெலியாவும் முகம் மாறின. இந்த வரலாற்றில் டெய்லர் உண்டு, லிப்டன் உண்டு, ரயில் உண்டு. செடியின் இயல்பு மாறியதால் உழைப்பின் இயல்பு மாறிய கதைக்கு மட்டும் அதில் பெரும்பாலும் ஒரு வரிதான் ஒதுக்கப்படுகிறது.

தேயிலையில் வேண்டியது கொழுந்து: துளிர் மொட்டும் அதை ஒட்டிய இரண்டு இளம் இலைகளும். கொழுந்துக்குப் பருவம் இல்லை. பகல் பொழுது பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் கீழே வாரக் கணக்கில் இறங்கினால்தான் தேயிலை உறங்கப் போகும் என்று தாவரவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் அசாமில் குளிர்காலத்தில் பறிப்பு நின்றுவிடுகிறது. நுவரெலியா இருப்பது 7 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி. அங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். தை, மாசியில் பள்ளங்களில் உறைபனி விழுந்து துளிர் கருகுவதுண்டு. சித்திரை, வைகாசியில் கொழுந்து குவிந்து, ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை இரவு பகலாக ஓடுவதும் உண்டு. விளைச்சல் ஏறும், இறங்கும், செடி நிற்பதில்லை. ஏழு முதல் பத்து நாளுக்குள் அதே நிரைக்கு ஆள் திரும்பி வந்தாக வேண்டும். பிந்தினால் கொழுந்து முற்றும். முற்றினதை ஸ்டோர் ஏற்காது. இன்னும் பிந்தினால் செடியின் மட்டம் கலையும், கிளை மேலே ஓடும், கடைசியில் பூக்கும். பூவுக்கும் காய்க்கும் போகிற சத்து கொழுந்துக்குக் கிடைக்காது. பூத்துக் கிடக்கும் தேயிலை மலை, ஆள் கைவிட்ட மலை.

பறிப்பை அருகில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நெற்றியில் கயிறு மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிட்ட பெண், செடியின் தலையில் மட்டக்கம்பைக் கிடத்துகிறாள். கம்புக்கு மேலே நீட்டி நிற்பது பறிக்க வேண்டியது. கீழே இருப்பது விட வேண்டியது. மேலே நிற்பதிலும் எல்லாம் ஒன்றல்ல. இரண்டு இலை விரிந்தது இன்றைக்கு. ஒன்று மட்டும் விரிந்தது அடுத்த சுற்றுக்கு. துளிர் மொட்டு உறங்கிவிட்ட கிளை முனையைக் கிள்ளி எறிந்தால்தான் பக்கத்து மொட்டு விழிக்கும். இரண்டு கைகளும் இதைத் தனித்தனியே முடிவு செய்கின்றன. கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும். கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் விழும். தவறாகப் பறித்தால் இழப்பு அன்றைய நிறையோடு முடியாது, அடுத்த பல சுற்றுகளையும் தொடும். கூலிச் சட்டங்களும் குடிபெயர்வுச் சட்டங்களும் இந்த வேலையைத் திறன் வேண்டாத வேலை என்றே வகைப்படுத்தின. ஒரு மலையின் செடிகளை நாலைந்து வருடம் கையால் அறிந்தவளுக்கும் நேற்று வந்தவளுக்கும் மாலையில் கொழுந்து மடுவத்துத் தராசு காட்டும் வித்தியாசம் அந்த வகைப்பாட்டைப் பொய்யாக்குகிறது.

கொழுந்துச் சுற்று வாரத்தின் கடிகாரம் என்றால், கவ்வாத்து ஆண்டுகளின் கடிகாரம். மேட்டு நிலத் தோட்டங்களில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியின் தலையை முழுதாக இறக்குகிறார்கள். சும்மா வெட்டிவிட முடியாது. வேரில் மாவுச்சத்து போதிய அளவு சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய செடி மீளாது. அதைப் பார்க்க வேரை அறுத்து அயோடின் தடவிச் சோதிப்பார்கள். கருநீலம் நன்றாக ஏறினால் செடி தயார். கவ்வாத்துக் கத்தியைக் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் இழுத்து, வெட்டு முகம் சரிவாக இருக்கும்படி கிளையை அறுக்க வேண்டும். நார் கிழிந்தால் மழைநீர் தங்கி உள்ளே அழுகும். மூச்சுக்கு ஓரிரு கிளையை விட்டுவைப்பதும் உண்டு. நுவரெலியாவின் மூடுபனியில் தண்டெல்லாம் பாசி பிடித்திருக்கும்; அதையும் சுரண்டி எடுத்து, வெட்டிய கொப்புகளையே வெயில் சுடாதபடி செடி மேல் பரப்பிவிட்டுப் போவார்கள். துளிர்த்து மறுபடி பறிப்புக்கு வர மாதக் கணக்காகும். இந்தச் சுழற்சியில் இருபது, முப்பது முறை வெட்டுப்பட்ட செடிகள் அந்த மலைகளில் இன்னும் இருக்கின்றன. விதையிலிருந்து வந்து நூறு வயதைத் தாண்டிய செடிகள் அவை. 1925இல் தொடங்கிப் பின்னர் தலவாக்கலை சென்கூம்ஸில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், ஒற்றை இலைத் துண்டிலிருந்து செடி வளர்க்கும் முறையைப் பரப்பிய பிறகு விதைக்காகவும் பூ தேவையில்லாமல் போயிற்று. அதற்கு முன் விதைக்கென்று சில மரங்களை மட்டுமாவது பூக்க விட்டார்கள்.

இப்படி ஒரு செடிக்குப் பருவத்துக்கு வந்து போகிற ஆண்கள் கூட்டம் உதவாது. வாரந்தோறும் பறிக்கக் குடும்பம் வேண்டும். குடும்பம் தங்க லயம் என்ற வரிசை வீடு வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும், தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லப் பிள்ளைக்காம்பராவும், கோயிலும், சுடுகாடும் ஒவ்வொரு தோட்டத்திலும் உருவானது இதனால்தான். பறிப்புக்குப் பெண்கள், கவ்வாத்துக்கும் முள்ளுக் குத்தவும் கான் வெட்டவும் ஆண்கள் என்று வேலை பிரிந்தது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று தனியாக எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 5 லட்சத்து 31 ஆயிரம். 1946இல் 7 லட்சத்து 80 ஆயிரம். இதற்கிடையே, 1939 ஆகஸ்டில், தொழிலாளர் இலங்கைக்குப் போவதையே இந்திய அரசு தடை செய்துவிட்டது. அதன் பின்னும் மலைகளில் கொழுந்து தடையில்லாமல் இறங்கியது என்றால், பறித்தவர்கள் அங்கேயே இருந்தவர்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. அவற்றில் இரண்டு கனமானவை. முதலாவது: மக்களைக் கட்டிவைத்தது செடியல்ல, கடன். ஆள் திரட்டிய பெரிய கங்காணி ஊரில் கொடுத்த முன்பணம் தோட்டத்தில் பற்றாக ஏறி, ஒரு துரை மற்றத் துரைக்கு ஆளைத் துண்டு எழுதி மாற்றும் அளவுக்குப் போனது உண்மை. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை அந்தச் சுருக்குக் கயிறு இறுகியே இருந்தது. ஆனால் கடனும் கங்காணியும் கோப்பிக் காலத்திலும் இருந்தார்களே? அப்போது பறிப்பு முடிந்ததும் கூட்டம் ஊர் திரும்பியது. கடன் ஆளைப் பிடித்துக் கொண்டுவந்தது, தப்பவிடாமல் வைத்தது. பன்னிரண்டு மாதமும் அவரை வைத்திருக்க வேண்டிய தேவையைக் கடன் உண்டாக்கவில்லை. துண்டு ஒழிந்த பிறகு லயங்கள் காலியாகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: அசாமில் செடி குளிர்காலத்தில் உறங்குகிறது, அங்கேயும் தொழிலாளர் நிலையாகத்தானே குடியேறினார்கள்? ஆம். அங்கே உறங்கும் மாதங்கள்தான் கவ்வாத்து மாதங்கள் என்பதால் வேலை நிற்கவில்லை. அதோடு, அசாமில் ஆண்டுக் கணக்கான ஒப்பந்தமும், ஓடினால் பிடித்துத் தண்டிக்கும் சட்டமும் ஆளைக் கட்டின. இலங்கையின் நிலை வேறு. 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டப்படி தோட்டத் தொழிலாளியின் ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம்தான். வேலையை விட்டு ஓடினால் இங்கும் தண்டனை உண்டு. என்றாலும் காகிதத்தில் அவர் ஒரு மாத முன்னறிவித்தலில் போய்விடக்கூடியவர். இந்த முரண்பாடு கவனிக்கத் தக்கது. நூறு வருடம் நிற்கும் செடியை நட்டு, ஐந்து வருடச் சுழற்சியில் வெட்டி, ஏழு நாளைக்கு ஒருமுறை பறித்த முதலாளி, அதைச் செய்த ஆளை மட்டும் முப்பது நாள் ஆளாகவே எழுதி வைத்தார். மாத ஆள் என்ற அந்த எழுத்துதான் பிறகு அரசியலின் கையில் ஆயுதமானது.

1928இல் பிரித்தானிய அரசின் டொனமூர் ஆணைக்குழு தோட்டத் தமிழரில் நாற்பது, ஐம்பது விழுக்காட்டினரை நிலையாகக் குடியேறியவர்களாக மதிப்பிட்டது. 1945இல் சோல்பரி ஆணைக்குழு எண்பது விழுக்காடு என்றது. கொண்டுவந்த அரசே ஒப்புக்கொண்ட நிலை அது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே, தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானோருக்கே. தாலி கட்டவும் காது குத்தவும் ஊருக்குப் போய்வந்ததும், அங்கே காசு அனுப்பியதும் நிலையான குடியிருப்பு இல்லை என்பதற்குச் சாட்சியாக்கப்பட்டன. இந்த வாதத்தில் ஒரு நியாயம் இருப்பதாக இன்றும் சிலர் நினைக்கிறார்கள்: இரண்டு ஊரில் கால் வைத்தவருக்கு ஓர் ஊரை மட்டும் எப்படித் தருவது என்று. ஆனால் உறவுக்கு ஊர் போகிறவர் வாழ்கிற இடம் வேறாகிவிடாது. கொழும்பில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தாரும் காலியிலிருந்து வந்தவரும் திருவிழாவுக்கு ஊர் போனார்கள். அவர்கள் கொழும்பில் வசிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் எங்கே வசித்தார் என்பதை அறிய அவர் எங்கே உழைத்தார் என்று பார்ப்பது நேர்மையான வழி. அதற்கான ஆவணம் எந்தத் தோட்டத்திலும் இருந்தது: காலையில் பிரட்டுக்களத்தில் பேர் விழுந்ததும், மாலையில் மடுவத்தில் நிறை விழுந்ததும் செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் நாள்தோறும் எழுதப்பட்டன. தோட்டத்துக்குச் சம்பளம் கழிக்கப் போதுமானதாக இருந்த அந்த ஏட்டின் சாட்சி, ஆள் வாழ்ந்த கதையை நிறுவும்போது எடுபடாமல் போனது.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டார்கள். 1974இல் அந்த எஞ்சியவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னார்க் கப்பல் ஏறிப் போனவர்களில் பலரைத் தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் நட்ட தேயிலையில் குடியேற்றியது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அவர்கள் மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். திறன் வேண்டாத வேலை என்று எழுதப்பட்டதற்கு, அந்தத் திறனை நம்பி ஓர் அரசு புதுத் தோட்டம் போட்டதைவிட வலுவான மறுப்பு வேறு வேண்டுமா?

இலங்கையில் எஞ்சியவர்களுக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. அது வைத்த நிபந்தனை, 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்திருக்க வேண்டும், அல்லது அப்படி வசித்தவரின் வழிவந்தவராக இருக்க வேண்டும் என்பது. அனுப்பிவிட முடிவு செய்த நாளையே வசிப்பின் அளவுகோலாக வைக்க வேண்டி வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் சுற்றி, தேயிலை மலை ஆரம்பத்திலேயே சொன்ன இடத்துக்குச் சட்டம் வந்து சேர்ந்தது. நுவரெலியா மாவட்டத்தில் இன்றும் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர்.

குடியுரிமை வந்தும் நிலம் வரவில்லை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992 முதல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது. இரண்டு முறையும் நிலம் கைமாறியது, லயத்தில் இருந்தவர்களுக்கு ஒரு துண்டும் சேரவில்லை. 2015க்குப் பிறகு வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு செயலுக்கு வரத் தொடங்கினாலும், மிகப் பலர் இன்றும் தமக்கு உரிமை இல்லாத காம்பராவிலேயே இருக்கிறார்கள். காணியைக் கொடுத்தால் தோட்டம் துண்டாகும், தரம் கெடும் என்பது நிர்வாகங்கள் தரப்பு வாதம். இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி இப்போது தாழ்நாட்டுச் சிறு தோட்டக்காரர்களின் துண்டு நிலங்களிலிருந்து வருகிறது என்பதால் அந்த வாதம் நிற்காது. செடிகளைக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் முறையைச் சில தோட்டங்கள் நடத்துகின்றன. அதிலும் உரத்தின் விலையும் பனியின் நட்டமும் தொழிலாளியின் தலையில் விழ, நிலத்தின் பத்திரம் கம்பெனியிடமே இருந்துவிடுகிறது. பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கிறவர்கள் உரிமையையும் பிரித்துக் கொடுக்க வேண்டும்: வீடு நிற்கும் காணி முதலில், பறிக்கும் செடி நிற்கும் நிலம் அடுத்து, இரண்டுக்கும் கணவன் மனைவி இருவர் பேரிலும் உறுதி எழுதி.